பட்டியலில் இல்லாத வீடு: மாதிரி எடுப்பது பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து சில குறிப்புகள்

இலங்கையின் பழைய புள்ளிவிபர அறிக்கைகளைப் புரட்டினால் அட்டவணைகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: வடக்கு, கிழக்கு நீங்கலாக. 2001 குடித்தொகை மதிப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. 2002 வீட்டு வருமான செலவு ஆய்வில் வடக்கும் இல்லை, கிழக்கும் இல்லை. 2006/07 சுற்றில் வட மாகாணமும் திருகோணமலையும் விடுபட்டன. அதே காலத்தில் நடந்த குடிசனவியல் சுகாதார ஆய்விலும் வட மாகாணம் இல்லை. 2009/10இல் யாழ்ப்பாணம் உள்ளே வந்தது. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு வரவில்லை.

அந்த ஆய்வுகளைச் செய்தவர்கள் வேலை தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. எடுத்த மாவட்டங்களுக்குள் மாதிரி ஒழுங்காகவே எடுக்கப்பட்டது. யுத்தம் நடந்த இடத்துக்குள் ஆட்களை அனுப்ப முடியாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் அறிக்கையிலிருந்து பத்திரிகைத் தலைப்புக்கு வரும்போது அடிக்குறிப்பு உதிர்ந்துவிடும். ‘இலங்கையில் வறுமை இத்தனை சதவீதம்’ என்ற வரி மட்டும் மிஞ்சும். மிக வறியவர்கள் இருந்திருக்கக்கூடிய இடங்களே அந்தச் சதவீதத்துக்குள் இல்லை.

ஆகவே ஓர் ஆய்வைக் கையில் எடுத்தால் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. யார் அகப்படவே வழியில்லாமல் போனார்கள் என்றுதான் பார்ப்பேன். மாதிரி எடுப்பதில் எத்தனையோ முறைகள் உண்டு, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிப் பெயர்களும் உண்டு. எல்லாமே இந்தக் கேள்விக்குச் சொல்லும் வெவ்வேறு பதில்கள்தான்.

அடிப்படை எளிது. எல்லாரையும் கேட்கப் பணமும் நேரமும் இல்லை. சில இடங்களில் கேட்கவே முடியாது: பெட்டியிலுள்ள தீக்குச்சி முழுவதையும் உரசிச் சோதித்தால் விற்க ஒன்றும் மிஞ்சாது. எனவே ஒரு பகுதியை எடுத்து முழுத்தொகையைப் பற்றிப் பேசுகிறோம். அப்படிப் பேசும் உரிமை எழுமாற்றுத் தெரிவிலிருந்து, அதாவது குலுக்கிப் போட்டது போல எடுப்பதிலிருந்து, வருகிறது. முழுத்தொகையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு பூச்சியமாக இருக்கக்கூடாது, அந்த வாய்ப்பு எவ்வளவு என்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் தவறு எவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் நின்று வருகிறவர் போகிறவரிடம் படிவம் நிரப்பினால் அது எழுமாற்று ஆகாது. அது கைக்கு அகப்பட்டவர்களின் மாதிரி. நம் பட்டப்படிப்பு ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இதைத்தான் செய்துவிட்டு ‘எழுமாற்றாகத் தெரிவு செய்யப்பட்டது’ என்று எழுதுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

எழுமாற்றாக எடுக்க ஒரு பட்டியல் வேண்டும். மாதிரிச் சட்டகம் என்பார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், அவற்றுக்குள் 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஆய்வு செய்யும் மாணவர் வழக்கமாகக் கிராம அலுவலரான விதானையாரிடம் போய்க் குடும்பப் பட்டியலைக் கேட்பார். பட்டியல் கிடைக்கும். அதில் இருப்பவர் எல்லாரும் ஊரில் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. கனடாவுக்குப் போன குடும்பத்தின் பெயர் பதிவில் இருக்கும், கேற்றில் பூட்டுத் தொங்கும். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம் பதிவில் ஓர் ஊரிலும் வாழ்க்கையில் இன்னோர் ஊரிலும் இருக்கும். அதே ஆண்டு ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல புத்தளத்தில் வேரூன்றிவிட்டன. திரும்பி வந்தவர்களிலும் இரண்டு இடத்திலும் கால் வைத்திருப்பவர்கள் உண்டு. மறுபுறம், வெளி மாவட்டத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிக் கட்டட வேலை செய்யும் பையன் எந்தப் பட்டியலிலும் இல்லை. வாக்காளர் இடாப்பை எடுத்தால் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இல்லை. தொலைபேசி எண்களை எடுத்தால் இரண்டு சிம் வைத்திருப்பவருக்கு இரட்டை வாய்ப்பு, போனே இல்லாத கிழவிக்கு ஒன்றும் இல்லை.

பிழையான பட்டியல் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகம் முழுவதும் சொல்லும் உதாரணம் 1936 அமெரிக்கத் தேர்தல். ‘லிட்டரரி டைஜெஸ்ட்’ என்ற வார இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்கு அட்டை அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் 57 சதவீதத்துடன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் வந்தவை. பொருளாதார மந்தத்தில் அடிபட்ட ஏழைகள் அவற்றில் குறைவு. அதற்கு மேல், கிடைத்த அட்டையைச் சிரமமெடுத்துத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு தனி வகை. இன்று வட்ஸ்அப், வைபர் குழுக்களில் சுற்றும் கூகுள் படிவங்கள் இதையே செய்கின்றன, எண்ணிக்கை மட்டும் மிகச் சிறியது.

எண்ணிக்கை என்றதும் 384 என்ற இலக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. கிறெஜ்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையை மேற்கோள் காட்டாத ஆய்வேடு இங்கே அபூர்வம். முழுத்தொகை 300 என்றால் மாதிரி 169, 1,000 என்றால் 278, 10 இலட்சம் என்றால் 384. இதில் வியப்பான விஷயம் ஒன்று உண்டு: தொகை ஓரளவு பெரிதான பிறகு மாதிரியின் பருமன் கூடுவதே இல்லை. 2012இல் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர் இருந்த யாழ்ப்பாணத்துக்கும் 2 கோடிக்கு மேற்பட்ட முழு இலங்கைக்கும் ஏறத்தாழ ஒரே 384தான். துல்லியம் மாதிரியின் வர்க்கமூலத்தோடு நகர்கிறது. 400 பேர் என்றால் ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி முன்பின். அதைப் பாதியாக்க 800 போதாது, 1,600 வேண்டும். சரி, இந்த அட்டவணை எதை எடுகோளாகக் கொள்கிறது? எளிய எழுமாற்று மாதிரியை. பஸ் நிலையத்தில் பிடித்த 384 பேருக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. அதை மேற்கோள் காட்டிவிட்டுப் படிவத்தை வைபரில் போடுவது வெறும் சடங்கு.

பட்டியலில் ஒவ்வொரு பத்தாவது வீட்டையும் எடுப்பது முறைசார்ந்த மாதிரி. ஒழுங்கையோடு நடந்துகொண்டே செய்யலாம் என்பதால் களத்தில் எல்லாருக்கும் பிடித்த முறை. இதன் ஆபத்து ஒன்றே ஒன்று: எண்ணும் இடைவெளியும் விஷயத்தின் இயல்பான சுழற்சியும் பொருந்திப் போவது. மீன் விலையை வாரத்துக்கு ஒருநாள் பதிவு செய்வோம் என்று ஒருவர் தீர்மானித்து அந்த நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தால் என்ன நடக்கும்? சைவக் குடும்பங்களில் வெள்ளியன்று மீன் இல்லை. ஆண்டு முழுவதும் பதிவு செய்தாலும் அவர் பார்ப்பது மந்தமான சந்தையை மட்டும்தான். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள் ஓடும்போது தொடங்கினால் இன்னும் கோணல்.

இதே பிழை ஒலிப்பதிவுப் பொறியியலிலும் உண்டு என்பது எனக்கு எப்போதும் சுவையான விஷயம். இறுவட்டில் நாதஸ்வரத்தைப் பதியும்போது ஒலியலையை விநாடிக்கு 44,100 தடவை அளக்கிறார்கள். மனிதக் காது சுமார் 20,000 அதிர்வு வரை கேட்கும். அதன் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அலையை மீட்டெடுக்க முடியும். நைக்விஸ்ற், ஷனன் பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் விதி இது. குறைவாக அளந்தால் உயர்ந்த சுரம் வேறொரு தாழ்ந்த சுரமாக வேடமிட்டு வரும். வெள்ளிக்கிழமை மீன் விலை ஆண்டு முழுவதுக்குமான விலையாக வேடமிடுவதற்கும் இதற்கும் கணிதத்தில் வித்தியாசம் இல்லை.

யாழ்ப்பாணத்தை ஓரளவு தெரிந்த எவரும் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று பிரித்துத்தான் யோசிப்பார்கள். மண் வேறு, தண்ணீர் வேறு, தொழில் வேறு. புள்ளிவிபரவியலும் அதையே சொல்கிறது: முழுத்தொகைக்குள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட படைகள், அதாவது அடுக்குகள், தெரிந்தால் ஒவ்வொரு படைக்குள்ளும் தனித்தனியே எழுமாற்றாக எடு. போலந்துக் கணிதவியலாளர் யேசி நெய்மான் 1934இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் படையாக்கல் முறை உறுதியான அடித்தளத்தில் நிற்கிறது. ஆனால் விகிதாசாரப்படி எடுத்தால் சிக்கல் வரும். தீவகத்தில் மாவட்டத்தின் பத்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. மாவட்டம் முழுக்க 400 வீடு எடுத்தால் நெடுந்தீவுக்கு விழுவது இரண்டு மூன்று வீடு. அந்த இரண்டு மூன்றை வைத்து நெடுந்தீவு பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. எனவே தீவகத்தில் வேண்டுமென்றே கூடுதலாக எடுத்து, மாவட்டச் சராசரி காணும்போது அவர்களின் நிறையை, அதாவது கணக்கில் அவர்கள் பெறும் பங்கை, குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த நிறையிடலைச் செய்யாமல் கூட்டிப் பிரித்துப் போட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். செய்யவேண்டிய பெருக்கல் ஒரு நாள் வேலைகூட இல்லை.

குறிகட்டுவானிலிருந்து படகு ஏறி இரண்டு வீட்டுக்காக நெடுந்தீவு போய்வர எந்த ஆய்வுக் குழுவும் விரும்பாது. அங்கேதான் கொத்தணி முறை வருகிறது. முதலில் சில இடங்களைத் தெரிவு செய், பிறகு அந்த இடங்களுக்குள் பல வீடுகளை எடு. தொகைமதிப்புத் திணைக்களத்தின் 2012/13 வருமான செலவு ஆய்வு இப்படித்தான்: நாடு முழுவதும் 2,500 தொகைமதிப்பு வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் 10 வீட்டு அலகுகள், மொத்தம் 25,000. பருவ வேறுபாடு அகப்பட வேண்டும் என்று அதை 12 மாதங்களுக்குப் பிரித்துச் செய்தார்கள். சின்ன வெங்காயம் கிண்டும் மாதத்தில் ஒரு தோட்டக்காரரின் வருமானமும் மழை மாதத்தில் அவரது வருமானமும் ஒன்றாக இருக்காது அல்லவா.

கொத்தணியில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். குருநகரில் பத்து வீடு எடுத்தால் பத்திலும் கடல் வாசம். உரும்பிராயில் பத்து வீடு எடுத்தால் தோட்டமும் உத்தியோகமும். பத்துப் பேரைக் கேட்டும் பத்துப் புதிய தகவல் கிடைப்பதில்லை. ஒரு கொத்தணிக்குள் ஒற்றுமை 0.1 அளவு (எல்லாரும் ஒரே மாதிரி என்றால் 1), ஒவ்வொன்றிலும் 10 வீடு என்று வைத்துக்கொண்டால், கொத்தணியால் மாதிரியின் பெறுமதி எத்தனை மடங்கு குறைகிறது என்று காட்டும் வடிவமைப்பு விளைவு 1.9 ஆகிறது. அதாவது 400 வீட்டின் பெறுமதி ஏறக்குறைய 210 எளிய எழுமாற்று வீடுகளின் பெறுமதிதான். நம் ஊர்களில் தொழிலும் சாதியும் இடத்தோடு ஒட்டியே கிடப்பதால் இந்த ஒற்றுமை கூடுதலாக இருக்கவே இடமுண்டு. அதைச் சட்டகத்தில் வைத்துப் படையாக்கவும் முடியாது, ஏனென்றால் தொகைமதிப்பில் சாதி பற்றிய கேள்வியே கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த, எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு மாறி அது.

தடுப்பூசி ஆய்வுகளில் புகழ்பெற்ற 30க்கு 7 முறையும் கொத்தணிதான்: 30 கிராமங்கள், ஒவ்வொன்றிலும் 7 பிள்ளைகள், மொத்தம் 210. உலக சுகாதார நிறுவனம் இதைப் பல நாடுகளில் பரப்பியது. பட்டியல் இல்லாத ஊரில் எப்படித் தொடங்குவது? ஊர் நடுவில் நின்று ஒரு போத்தலைச் சுழற்று, அது காட்டும் திசையில் நட. கெட்டிக்கார உபாயம்தான். ஆனால் நம் ஊர்களில் நடு என்றால் கோயிலடி அல்லது சந்தி. சந்தியிலிருந்து தொடங்கும் எவருக்கும் ஊர்க்கோடியில், கடற்கரையோரக் கொட்டிலில் இருக்கும் பிள்ளை அகப்படுவது குறைவு. தடுப்பூசி தவறியிருக்கக் கூடிய பிள்ளையும் அதுதான். இப்போது செய்மதிப் படத்தில் கூரைகளை எண்ணி அவற்றிலிருந்து எழுமாற்றாக எடுக்கிறார்கள். போத்தலை விடச் சிறந்த வழி, சந்தேகமில்லை. பூட்டிய வீட்டுக்கும் ஆள் இருக்கும் வீட்டுக்கும் மேலிருந்து பார்த்தால் கூரை ஒன்றுபோலத் தெரியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மனிதரை விட்டுத் தண்ணீருக்கு வருவோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் குடிநீர். எனவே கிணற்று நீர் ஆய்வு இங்கே வீட்டுக்கு வீடு பேசப்படும் விஷயம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. ஒரே கிணற்றைப் பற்றி இரண்டு ஆய்வுகூடங்கள் இரண்டு விதமாகச் சொன்னால் சனம் உடனே யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கும். பொய் இல்லாமலும் அது நடக்கலாம். எண்ணெய் மேலே மிதக்கும். வாளியை மேலாக அமிழ்த்தினால் ஒரு முடிவு, குழாய்க்கு ஆழத்திலிருந்து இறைத்தால் வேறு முடிவு. பிளாஸ்ரிக் போத்தலில் எடுத்தால் எண்ணெயின் ஒரு பகுதி போத்தலிலேயே ஒட்டிக்கொள்ளும், கண்ணாடிப் போத்தல்தான் சரி. மோட்டர் போட்டுத் தோட்டத்துக்கு இறைத்து முடித்த மாலையும் ஆறியிருந்த காலையும் ஒன்றல்ல. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அங்கே ‘தண்ணீர் உப்பா?’ என்ற கேள்விக்கு எந்த ஆழத்தில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

கிருமிகளுக்கு வேறு ஒழுங்கு. போத்தல் தொற்று நீக்கியதாக இருக்க வேண்டும். குளோரின் போட்ட கிணறானால் போத்தலுக்குள் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேற்று இட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்று தண்ணீரை நல்லது ஆக்கிக் காட்டிவிடும். குளிராக வைத்து 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். நைத்திரேற்றுக்குப் பருவம் முக்கியம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. தோட்டத்தில் போட்ட யூரியாவும் எருவும் மாரி மழையோடு கீழே இறங்கும். ஆண்டுக்கு ஒருதடவை, அதுவும் ஆய்வுக்குழுவுக்கு வசதியான வரண்ட மாதத்தில் மட்டும் போத்தல் நிரப்பினால் அந்தக் கிணற்றின் உச்சத்தை ஒருபோதும் காணமாட்டீர்கள். இன்னொன்று: ஆய்வுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சந்தேகம் வந்தவர்கள். அவர்களின் போத்தல்களை வைத்து ‘யாழ்ப்பாணக் கிணறுகளில் இத்தனை சதவீதம் மாசு’ என்று எழுதினால் அது பயந்தவர்களின் கிணறுகளைப் பற்றிய சதவீதம்.

மண் பரிசோதனைக்கு ஒரு பரப்பு நிலத்தில் ஓரிடத்து மண் போதாது. வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இருபது இடத்தில், சுமார் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து பிரித்து, கடைசியில் அரைக் கிலோ அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வரம்போரம், எருக் குவித்த இடம், மாட்டுப்பட்டி இருந்த இடம் தவிர்க்க வேண்டும். இப்படிக் கலப்பதால் சராசரி கிடைக்கும், வேறுபாடு தொலையும். பயிருக்கு எவ்வளவு பசளை என்று முடிவு செய்யச் சராசரி போதும். எங்கே நஞ்சு படிந்திருக்கிறது என்று தேடும்போது கலக்கவே கூடாது. ஒரே மண், இரண்டு கேள்வி, இரண்டு முறை.

தென்மராட்சியில் காலபோக நெல் விளைந்த பிறகு விளைச்சல் மதிப்பிடும் முறைக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், வங்கத்துச் சணல், நெல் வயல்களில் எழுமாற்றாகப் புள்ளி குறித்துச் சிறிய துண்டுகளை அறுத்து நிறுத்துப் பார்க்கும் முறையை வளர்த்தார். அவரோடு மோதியவர் இன்னொரு இந்தியப் புள்ளியியலாளரான சுகாத்மே. துண்டு சிறிதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்றார். காரணம் மிகவும் மனிதத்தனமானது: எல்லைக் கயிற்றில் நிற்கும் நெற்பயிரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்ற சந்தேகம் வந்தால் கை தானாகவே உள்ளே சேர்க்கும். சிறிய துண்டில் பரப்போடு ஒப்பிட எல்லை அதிகம், ஆகவே தவறும் அதிகம். மகலனோபிஸின் இன்னொரு யோசனை எனக்கு மிகப் பிடிக்கும். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், இரண்டு மாதிரிகளோடு அனுப்புவார். முடிவுகள் பொருந்தாவிட்டால் களத்தில் ஏதோ கோளாறு. இங்கே நடக்கும் தொண்டு நிறுவன ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குக்காவது இதைச் செய்தால் எத்தனை படிவம் மரநிழலில் நிரப்பப்பட்டது என்று தெரியவரும்.

கடலில் மாதிரியை வலை எடுக்கிறது. வலைக்கண்ணை விடச் சிறிய மீன் கரைக்கே வராது, எனவே இறங்குதுறையில் அளக்கும் நீளம் கடலில் இருக்கும் மீனின் நீளம் இல்லை. அப்புறம், பெரிய மீன்கள் முதலில் ஏலம் போய்விடும். தாமதமாக வரும் ஆய்வாளர் கூடையில் எஞ்சியதைத்தான் அளப்பார். ஆகவே எந்தத் துறை, எந்த நாள், எந்தப் படகு, எந்தக் கூடை என்று ஒவ்வொரு படியிலும் எழுமாற்றாக இறங்க வேண்டும்.

பறவைகளுக்கு வலை இல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. சுண்டிக்குளம், தொண்டைமானாறு போன்ற இடங்களில் பூநாரைகளை எண்ணும்போது குறித்த இடங்களில் நின்று, குறித்த பாதையில் நடந்து எண்ணுவதே வழக்கம். ஓரிடத்தில் எண்ணிய கூட்டம் பறந்துபோய் அடுத்த இடத்தில் மறுபடி எண்ணப்படாமல் பார்த்துக்கொள்வது பாதி வேலை. நெடுந்தீவுக் குதிரைகளுக்கு வேறு முறை பொருந்தும்: பிடித்துக் குறியிட்டு விட்டு மறுபடி பிடிப்பது. குறியிடவும் தேவையில்லை, உடல் அடையாளத்தைப் படமெடுத்தால் போதும். உதாரணமாக முதல்நாள் 40 குதிரைகளைப் படமெடுத்து, சில நாள் கழித்துப் போகும்போது காணும் 50இல் 10 பழையவை என்றால், மொத்தம் சுமார் 200. தீவு என்பதால் இடையில் எதுவும் வந்து சேராது, வெளியே போகாது. கணக்குக் கேட்கும் முக்கிய நிபந்தனை தானாகவே நிறைவேறுகிறது. வந்து போகும் பூநாரையிடம் இந்தக் கணக்கு எடுபடாது.

மருத்துவத்தில் மாதிரி என்ற சொல் முதலில் நினைவூட்டுவது இரத்தம். உடல் முழுவதும் சுற்றிக் கலந்துகொண்டே இருப்பதால் ஒரு துளியே போதும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே கச்சிதமாகப் பொருந்தும். நோயாளிகளைத் தெரிவு செய்வதில்தான் வில்லங்கம். போதனா வைத்தியசாலைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்து ஒரு நோயோடு இன்னொரு நோய் சேர்ந்து வருகிறது என்று சொல்லிவிடலாம், ஆனால் இரண்டு நோய் உள்ளவருக்கு வைத்தியசாலைக்கு வர இரண்டு காரணம் இருக்கிறது. ஊரில் இல்லாத தொடர்பு வார்ட்டில் தெரியும். ஜோசப் பேர்க்சன் 1946இல் இதை விளக்கினார். டெங்குக் குடம்பி தேடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காய்ச்சல்காரர் வீட்டைச் சுற்றித்தான் முதலில் பார்ப்பார். நோயைத் தடுக்க அதுவே சரி. அந்த வீடுகளிலிருந்து கிடைக்கும் சதவீதத்தை ஊர் முழுவதற்கும் பொருத்தும்போதுதான் பிழை. மருந்துப் பரிசோதனைகளில் வரும் எழுமாற்று வேறு சங்கதி: அங்கே சம்மதித்தவர்களை இரண்டு குழுவாக எழுமாற்றாகப் பிரிக்கிறார்கள், அவ்வளவுதான். சம்மதித்தவர்கள் யார் என்பது எழுமாற்று ஆவதில்லை. இரண்டையும் குழப்பாத மாணவர்களைக் காண்பது அரிது.

பட்டியலே சாத்தியமில்லாத மனிதர்களும் உண்டு. போதைப்பொருள் பாவிப்பவர்கள், கடனுக்குப் பயந்து ஒளித்திருப்பவர்கள். ஒருவரைப் பிடித்து அவர் மூலம் இன்னொருவரை அடைவது பனிப்பந்து முறை. இங்கே அது உருளும்போது தன் ஊர், தன் கோயில், தன் சாதிக்குள்ளேயே உருளும். ஹெக்கதோன் 1997இல் முன்வைத்த முறை இதைக் கொஞ்சம் கட்டுப்படுத்துகிறது: ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று சீட்டு மட்டும், யார் யாரை அழைத்தார் என்ற பதிவு, ஒவ்வொருவரின் அறிமுக வட்டம் எவ்வளவு பெரியது என்ற கேள்வி. அதை வைத்து நிறையிடலாம். ஆழமான நேர்காணல் ஆய்வுகளோ சதவீதமே சொல்ல முனைவதில்லை. வேண்டியவரைத் தேடிப் போய்ப் பேசி, புதிதாக ஒன்றும் வராத கட்டத்தில் நிறுத்துவார்கள். அது குறையே இல்லை. பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டு ‘66.7 சதவீதமானோர்’ என்று எழுதுவதுதான் குறை.

தொல்லியலில் குழி தோண்டக் காணிக்காரர் சம்மதிக்க வேண்டும். கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் வெட்டிப் பார்த்தது மிகச் சிறிய பரப்பு; வீடும் தோட்டமும் உள்ள இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பேச்சுவழக்கு ஆய்வாளர்கள் ஊரை விட்டு அசையாத முதிய ஆண்களையே நெடுங்காலம் தேடிப் போனார்கள். அப்படிப் பார்த்தால் பெண்களும் பிள்ளைகளும் பேசும் யாழ்ப்பாணத் தமிழும், ரொறன்ரோவில் வளரும் தமிழும் கணக்கில் வராது.

கடைசியாக, தெரிவான வீட்டுக்குப் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். படலையைத் திறப்பவர் ஐயா. ‘என்னட்டைக் கேளுங்கோ தம்பி, எனக்குத் தெரியாததோ’ என்று கதிரையை இழுத்துப் போடுவார். வீட்டுச் சாப்பாட்டுச் செலவு அம்மாவுக்குத்தான் தெரியும், மகளின் அபிப்பிராயம் மகளுக்குத்தான் தெரியும். வீட்டுக்குள்ளும் எழுமாற்றாக ஒருவரைத் தெரிவு செய்ய லெஸ்லி கிஷ் 1949இல் ஓர் அட்டவணை அமைத்தார். கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யார் என்று கேட்கும் எளிய வழியும் உண்டு. ஐயாவைச் சமாளிப்பதற்கு மட்டும் அட்டவணை இல்லை. வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று பல குழுக்கள் அனுமதிக்கின்றன. பகலில் ஆள் இருக்கும் வீடு ஓய்வூதியக்காரர் வீடு. பூட்டிய வீட்டில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருக்கலாம். பக்கத்து வீட்டுக்குத் தாவும் ஒவ்வொரு தடவையும் மாதிரி முதுமை அடைகிறது. பின்னேரம் ஒருதரம், ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் திரும்பிப் போவதே வழி. அப்படியும் கிடைக்காதவர்களின் எண்ணிக்கையை அறிக்கையில் போட வேண்டும், ஆள் இல்லாத வீடு வேறு, பதில் மறுத்த வீடு வேறு என்று பிரித்து.

2012க்குப் பிறகு அடுத்த குடித்தொகை மதிப்பு 2024இல்தான் நடந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் வலிகாமம் வடக்கில் காணிகள் விடுவிக்கப்பட்டு வீடுகள் எழும்பின, 2022 நெருக்கடிக்குப் பின் வீடுகள் பூட்டப்பட்டன. இனி வரும் ஆய்வுகளுக்கு 2024இன் வட்டாரங்களே சட்டகம் என்றாலும், அதுவும் எடுத்த நாளிலிருந்தே பழசாகத் தொடங்கிவிட்டது. ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள் மட்டும் ஆய்வு செய்பவருக்கு இதற்கு வழி இருக்கிறது. விதானையாரின் பட்டியலை வாங்கி, முதல் நாள் யாரையும் எதுவும் கேட்காமல் ஒவ்வொரு ஒழுங்கையாக நடக்க வேண்டும். பூட்டியவை, புதியவை, ஒரே வளவில் இரண்டு அடுப்பு எரிபவை, பின்பக்க அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் என்று குறித்துக்கொண்டு பட்டியலைத் திருத்தி இலக்கமிட வேண்டும். குலுக்கல் அதற்குப் பிறகு.